உஷார்! டப்பாவைக் காலிசெய்து காசு மிச்சப்படுத்தப் போகிறீர்களா?

"இந்த மாதம் மளிகைக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வீட்டில் இருப்பதை வைத்தே ஓட்டணும்." ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு, தீபாவளி முடிந்து கார்டு பில் வந்த கையோடு பல வீடுகளில் இந்தச் சபதம் எடுக்கப்படுகிறது. நல்ல சபதம்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அள்ளி வந்தது, ரேஷனில் வாங்கிச் சேர்த்துவைத்த பாமாயில் பாக்கெட், ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கடலை மூட்டை, யாரோ பரிசாகத் தந்த உலர்பழப் பெட்டி என்று நடுத்தர வீட்டின் அலமாரியிலும் பரணிலும் ஒரு மாதச் செலவு சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துப் புழங்கினால் மிச்சம்தான், மறுப்பதற்கில்லை.

ஆபத்து, 'தீர்த்தே ஆகணும்' என்ற வேகத்தில் இருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் 'என்னமோ வாடை அடிக்கிறதே' என்று தயங்காமல் தூக்கிப் போட்டிருப்போம். சபதம் எடுத்த மாதத்தில் அதே வாடைக்கு ஒரு சமாதானம் பிறந்துவிடும். வெயிலில் காயவைத்தால் போய்விடும். வறுத்தால் போய்விடும். நாலு கொதி கொதித்தால் எதுவும் தங்காது. இந்த மூன்று சமாதானமும் பலிக்காத பொருள்கள் உங்கள் வீட்டிலேயே இப்போது இருக்கின்றன.

முதல் குற்றவாளி நிலக்கடலை. கூடவே கொப்பரை, வற்றல் மிளகாய், மக்காச்சோளம். ஈரம் பட்ட கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கும் பூஞ்சைக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர். அது சுரக்கும் நஞ்சு அஃப்லாடாக்சின். பூஞ்சையைத் துடைத்து எடுத்துவிடலாம். வெயிலில் போட்டால் அது செத்தும் போகும். ஆனால் அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு பருப்புக்குள்ளேயே தங்கிவிடும். வேகவைக்கிற சூட்டுக்கும் தாளிக்கிற சூட்டுக்கும் அது அசையாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தாக்குவது கல்லீரலை.

இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்த கதையே மிச்சம்மீதியைத் தீனியாக்கிய கதைதான். 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில் எல்லாம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றவை. மனிதர்களுக்கு நேர்ந்தது நம் நாட்டிலேயே. 1974-ன் பிற்பகுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் இருக்கும் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பருவம் தப்பிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை, வேறு தானியம் இல்லாத காரணத்தால் அரைத்துத் தின்றவர்கள் அவர்கள். அதே ரொட்டியைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

சரி, கடலையை எப்படிப் பார்ப்பது? பூத்துப்போனது கண்ணுக்குத் தெரியும், அதைச் சொல்லவே வேண்டாம். சுருங்கியது, தோல் கறுத்தது, பிளந்து பார்த்தால் உள்ளே நிறம் மாறியிருப்பது, மெல்லும்போது கசப்பது எல்லாமே சந்தேகத்துக்குரியவை. நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. சில பருப்புகளில் மட்டும் ஏகத்துக்கும் குவிந்திருக்கும், பக்கத்துப் பருப்பில் ஒன்றுமே இருக்காது. ஆகவே கையால் பொறுக்கி எடுப்பது வீண்வேலை அல்ல. ஏற்றுமதி நிறுவனங்களே நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வைத்துத்தான் கழிக்கின்றன. கடலையை அவசரமாக உமிழ வைக்கும் அந்தக் கசப்பு இருக்கிறதே, அதைத் தண்ணீர் குடித்து விழுங்காதீர்கள். துப்புங்கள்.

இதனால்தான் எனக்கு ஒரு பழக்கத்தின் மேல் பெரிய பயம்: அரைத்துத் தீர்ப்பது. டப்பாவின் அடியில் தங்கிய கடலை ஒரு கை, பொட்டுக்கடலை அரை டம்ளர், முந்திரித் துண்டுகள், போன வருஷத்து மக்காச்சோளம், யாரும் சீண்டாத சாமை, வரகு. எல்லாவற்றையும் ஒன்றாக வறுத்து மில்லில் கொடுத்துச் சத்துமாவு ஆக்கிவிடுவோம். கொப்பரை மிஞ்சினால் இட்லிப்பொடி. முழுப் பருப்பாக இருந்தால் கண்ணும் நாக்கும் கெட்டதைக் கழித்திருக்கும். மாவான பிறகு ஒரு கசப்புக் கடலை ஒரு கிலோ மாவுக்கும் பங்கு வைக்கப்படுகிறது. வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து அந்தக் கசப்பையும் மறைத்துவிடுகின்றன. அந்தக் கஞ்சியைக் குடிப்பது யார்? வீட்டிலேயே சின்ன உடம்பு, ஒரு வயதுக் குழந்தை. ஒரு உடம்புக்கு எவ்வளவு நஞ்சு தாங்கும் என்பது எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு மிச்சம்மீதியில் சமைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பதானால் அதற்கென்று புதிதாக வாங்கிய தானியத்தில் அரையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கிராமத்துப் பக்கம் இன்னொரு வழி உண்டு. தின்ன முடியாத கடலையைச் செக்குக்குக் கொடுத்து எண்ணெயாக்கிக்கொள்வது. ஆலையில் சுத்திகரிக்கும் எண்ணெயில், அந்தச் சுத்திகரிப்பிலேயே இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அப்படி ஒரு கட்டமே இல்லை. கெட்ட கடலையை ஆட்டினால் கொஞ்சம் எண்ணெயோடு வரும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். செக்கெண்ணெய்க்கு நான் எதிரி அல்ல. நல்ல கடலையில் ஆட்டிய எண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் செக்கு என்பது கழிசடைக் கடலைக்குப் பாவமன்னிப்புத் தரும் இடம் இல்லை. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறதா? மாடு அந்த நஞ்சின் ஒரு பகுதியை வேறு உருவில் பாலில் இறக்கிவிடும். அது எம்1 என்ற வகை. காய்ச்சினாலும் போகாது, பால் பண்ணையில் பதப்படுத்தினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டபோது, இந்த எம்1 வரம்பைத் தாண்டிய மாதிரிகள் அதிகம் கிடைத்த மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு. 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலந்த பாலைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசவே இல்லை.

வண்டு விழுந்த அரிசிக்குப் பதறுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அரிசி வண்டு அருவருப்பே தவிர நஞ்சு அல்ல. புடைத்து, வெயில் காட்டி, நன்றாகக் களைந்து உலையில் போடலாம். துளை விழுந்த பயறு அப்படி இல்லை. வண்டு உள்ளேயே தின்று உள்ளேயே கழித்திருக்கும். அந்தக் கழிவின் யூரிக் அமிலம் தானியத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பத்துப் பயறில் ஏழில் துளை என்றால் விட்டுவிடுங்கள்.

வண்டைவிட வண்டுக்குப் போட்ட மருந்துதான் எமன். பழைய டிரம்மையோ குதிரையோ அடிவரை வழித்தெடுக்கும்போது துணியில் முடிந்த சாம்பல் நிறப் பொடி ஏதாவது தட்டுப்படுகிறதா? தானியத்துக்குள் போட்டுவைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் மிச்சமாக இருக்கலாம். மூன்று கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரம் பட்டுப்பட்டு ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். முறிவு மருந்து கிடையாது. பொதுமக்களுக்கு விற்கவே கூடாத பொருள், ஆனாலும் ஊர்ப்பக்கம் எப்படியோ கைக்கு வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில், ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். பரணில் மிச்சம் இருக்கும் எலி மாத்திரையை 'வீணாகாமல்' இந்த மாதம் வைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அந்தச் செய்தியை ஒருமுறை தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். மருந்து போட்ட டிரம்மைத் திறப்பதானால் முற்றத்துக்கோ மாடிக்கோ கொண்டுபோய்த் திறங்கள். பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் உடனே தள்ளி நில்லுங்கள். படுக்கிற அறையில் அப்படி ஒரு டிரம் இருக்கவே கூடாது.

அரிசியிலும் பருப்பிலும் போரிக் பவுடர் கலந்து வைக்கிற வீடுகளும் உண்டு. கலந்தது ஒருவர், இன்று எடுத்துச் சமைப்பது வேறொருவர் என்றால் அந்தச் செய்தி இடையிலேயே காணாமல் போகிறது. வெள்ளையாகப் பொடி ஒட்டிய பருப்பைப் பார்த்தால் மாமியாரையோ அம்மாவையோ ஒரு வார்த்தை கேளுங்கள். விளக்கெண்ணெய் தடவிய பருப்பும் காய்ந்த வேப்பிலை போட்ட அரிசியும் பிரச்சினை இல்லை.

எண்ணெய் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காறல் வாடை வந்த எண்ணெயை விளக்கேற்றவும் கதவுக் கீலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு, அதிரசம் சுட்ட எண்ணெயை ஒருமுறை வடிகட்டித் தாளிப்பில் சீக்கிரம் தீர்க்கலாம். அதையே மறுபடி மறுபடி காயவைத்துப் பொரிப்பது வேறு கதை. 2018 ஜூலை முதல் ஓட்டல்களுக்கே இதில் வரம்பு உண்டு: கெட்டுப்போன எண்ணெயில் சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, சட்டியில் நுரைத்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் அதுதான் அளவு.

மாவு வகைகளில் கம்பு மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று வந்த அலையில் எல்லோரும் வாங்கினோம். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும். முழுக் கம்பாக மாதக்கணக்கில் இருப்பது மாவானதும் வாரக்கணக்குக்குச் சுருங்கிவிடும். கசந்த மாவில் மோர் ஊற்றிக் கூழாக்கினால் புளிப்பு மேலே நின்று கசப்பை மறைக்கும், ஆனால் கெட்டது கெட்டதுதான்.

சோற்றையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த பழைய சோறு வேறு, மதியம் வடித்த சோறு இரவுவரை சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் குண்டானில் கிடப்பது வேறு. இரண்டாவதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகினால், அது விடும் வாந்தி நஞ்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. வாணலியில் எலுமிச்சை சாதமாகக் கிளறினால் எங்கே அழியும்? மிஞ்சும் என்று தெரிந்தால் வெதுவெதுப்பு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், விடிந்ததும் தீர்த்துவிடுங்கள்.

இனி தேதி. பாக்கெட்டில் இரண்டு விதமாக அச்சடிக்கிறார்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை ருசியும் மணமும் குறையாது என்ற உறுதி. அது தாண்டிய பிஸ்கட் நமத்திருக்கலாம், ஆளைக் கொல்லாது. 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்றால் அதற்குப் பிறகு விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது. 2020-ல் வெளியான லேபிள் விதிமுறைகளின்படி இந்த இரண்டாவது தேதிதான் கட்டாயம், முதலாவது விருப்பம். படிக்கத் தெரிந்தும் நமக்கு இது உதவுவதில்லை. காரணம் எவர்சில்வர் டப்பா. பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டிக் கவரைக் குப்பையில் போட்ட நொடியில் தேதி போய்விட்டது. அதிலும் பழைய ரவை கால்பங்கு இருக்கும்போதே மேலே புதிய ரவையைக் கொட்டுகிறோம். மேலேயிருந்து எடுத்து எடுத்து, அடியில் இருப்பது வருஷக்கணக்கில் அங்கேயே குடியிருக்கிறது. டப்பாவைக் காலிசெய்யும் மாதத்தில் நீங்கள் கடைசியாகத் தொடப்போவது அந்த அடிமட்டத்தைத்தான். தேதி உள்ள மூலையைக் கத்தரித்து டப்பாவுக்குள்ளேயே போட்டு வைக்கும் வழக்கம் எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மட்டும்தான் இருக்கிறது.

சாப்பாட்டை விட்டுவிட்டுக் குளியலறைப் பக்கம் வாருங்கள். இங்கே நடப்பது ஒரே நிமிஷத்தில் நடக்கும்.

தெருவில் சைக்கிளில் 'பினாயில், ஆசிட்' என்று கூவி வருபவரிடம் வாங்கியது கால் பாட்டில். கடையில் வாங்கிய நீல நிறக் கழிப்பறை திரவம் அடியில் கொஞ்சம். கொரோனா காலத்தில் வாங்கிய பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம். வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் அரை பாட்டில். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம், ஒவ்வொன்றும் இடத்தை அடைக்கிறது. 'எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், பாட்டிலும் காலியாகும்.' இந்த யோசனை வருகிறவர்கள் தயவுசெய்து நில்லுங்கள்! நீலத் திரவத்திலும் தெரு ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிலும் பிளீச்சிங் பவுடரிலும் இருப்பது ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நம் குளியலறை எத்தனை அடி? நாலுக்கு ஆறு. ஜன்னல் என்று ஒன்று இருந்தால் அது மேலே ஒரு சாண் கண்ணாடி. குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகம் கோப்பைக்கு ஒரு முழம் மேலே. குளோரின் காற்றைவிடக் கனமானது, மேலே எழும்பிப் போகாது, தரையோடு தங்கும்.

ஒன்றை ஊற்றி, கழுவாமல் அடுத்ததை ஊற்றினாலும் இதே கதைதான். நேற்று போட்ட பிளீச்சிங் பவுடர் குழாய் வளைவில் தங்கியிருக்க, இன்று ஆசிட் ஊற்றினாலும் கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பிளீச்சும் சேர்ந்தால் குளோராமின் என்று இன்னொரு வாயு. அதுவும் மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில், அது தீர்ந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு வேறொரு நாளில் இன்னொரு பாட்டில். அதற்குமேல் இதில் சிக்கனம் இல்லை. (சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைக்கும் வீடியோக்களைக் கேட்டால், அதில் ஆபத்து இல்லை. பெரிய பயனும் இல்லை.)

தப்பித்தவறிக் கலந்துவிட்டு நெடி ஏறினால், 'ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்' என்று உள்ளே நிற்காதீர்கள். கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடிவாருங்கள். கண்ணைத் தண்ணீரில் கழுவுங்கள். இருமல் அடங்கிவிட்டது என்று படுத்துவிடவும் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். நெஞ்சு இறுகுவதுபோல் இருந்தால் ஆஸ்பத்திரி.

பழைய பிளீச்சிங் பவுடரில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. திறந்துவைத்த பொட்டலத்தில் நாளாக நாளாகக் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும். மழைக்காலத்தில் கிணற்றுக்கும் தொட்டிக்கும் அந்தச் சுண்ணாம்பைப் போட்டுவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது காசையும் மிச்சப்படுத்தாது, வயிற்றையும் காப்பாற்றாது.

காலி பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சோறும் சோயா உருளைக்கிழங்குக் கறியும். சமையல் எண்ணெய் இருந்த பாத்திரத்தில் அதற்கு முன் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து இருந்திருக்கிறது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவர் சொன்னதாகவும், அது கேட்கப்படாமல் போனதாகவும் அப்போது செய்திகள் வந்தன. வீட்டில் பூச்சிமருந்து கேன், ஆசிட் பாட்டில், பெயின்ட் வாளி எதையும் 'நல்ல கனமான பிளாஸ்டிக்' என்று கழுவிப் புழக்கத்துக்கு எடுக்காதீர்கள். தலைகீழாகவும் யோசியுங்கள்: குளிர்பானப் பாட்டிலில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்திருக்கிறீர்களா? அலமாரியைக் கலைத்துப்போடும் நாளில் அது தரைக்கு வரும். தரையில் தவழ்கிற கைக்கு எட்டும்.

மருந்து டப்பாவைத் திறந்தால் எல்லோருக்கும் இரண்டு கட்சி. தேதி தாண்டினால் விஷம் என்பது ஒரு கட்சி, எல்லாம் கம்பெனிக்காரன் தந்திரம் என்பது மறு கட்சி. அமெரிக்க ராணுவம் 1986 முதல் தன் கையிருப்பைச் சோதித்ததில் பல மருந்துகள் தேதிக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு இருந்தது உண்மை. ஆனால் அவை பிரிக்காத பெட்டியில், குளிர் குறையாத கிடங்கில் இருந்தவை. நம் மருந்து ஃபிரிட்ஜ் மேல், வெயில் விழும் ஜன்னலோரம் இருக்கிறது. 1963-ல் பழைய டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததும் மருத்துவ இதழில் பதிவானது. அந்த மருந்தின் சேர்மானம் பிறகு மாறிவிட்டது. பெரும்பாலான பழைய மாத்திரையின் பிரச்சினை அது விஷமாவது அல்ல, வேலை செய்யாமல் போவது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பது, இன்சுலின், ஆஸ்துமா பம்ப் போன்றவை அந்த நிமிஷத்தில் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், அடியில் எவ்வளவு இருந்தாலும் முடிந்தது. தண்ணீர் கலக்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் பலவற்றுக்கு ஆயுள் ஒரு வாரம்தான். போன முறை பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக் அட்டையை இந்த முறைக் காய்ச்சலுக்கு எடுத்துக்கொள்வது சிக்கனமே இல்லை.

குழந்தைகளின் பாரசிட்டமாலில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. இரண்டிலும் படம் ஒன்று, வாசனை ஒன்று. சிரப் தீர்ந்துவிட்டது, தம்பிக்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே ஒரு ஸ்பூன் அக்காளுக்குக் கொடுப்போம் என்றால் அந்த ஐந்து மில்லியில் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. 125 சிரப்போடு பார்த்தால் நாலு மடங்கு, 250-ஓடு பார்த்தால் இரண்டு மடங்கு. அடிபடுவது அங்கேயும் கல்லீரல்தான்.

இருமல் சிரப்புக்குத் தேதியே காப்பு அல்ல என்பதை 2025 அக்டோபர் காட்டிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது சோதனையில் தெரிந்து, தமிழக அரசு அதைத் தடை செய்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கடையில் இருந்த பாட்டில்களை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். வீட்டு அலமாரியில் பாதி தீர்ந்து நிற்கும் பாட்டிலை யார் வந்து எடுப்பார்கள்? இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது சொன்னது. வீட்டில் இருக்கும் பழைய இருமல் சிரப்பை இந்த மாதச் சிக்கனக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதிதாகக் குழந்தை வரப்போகும் வீடு என்றால் இன்னொன்று. மூத்த குழந்தையின் ஸ்வெட்டர், போர்வை, தொட்டில் துணி எல்லாம் பெட்டியில் அந்துருண்டையோடு இருக்கும். எடுத்து அப்படியே போர்த்தாதீர்கள். அந்துருண்டையின் நாஃப்தலீன் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த சிசுவின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குறைபாடு இருக்கிறதா என்பது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. வாடை அடியோடு போகும்வரை பல தடவை துவைத்து, வெயிலில் உலர்த்தி, அதன் பிறகு உடுத்துங்கள்.

உப்பு, சர்க்கரை, வெல்லம், தேன், புளி, சோப்பு, பழைய பச்சரிசி: இவற்றைப் பயமில்லாமல் தீர்க்கலாம், பூஞ்சையும் ஈரமும் படாதவரை. பச்சை ஏறிய, முளை கண்ட உருளைக்கிழங்கை நீக்கிவிடுங்கள். அதில் உண்டாகும் நஞ்சும் வேகவைத்துப் போகாது. உப்பிய டின்னைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.

கழித்தது என்ன ஆகிறது என்பதிலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நாம் தின்னத் தயங்கிய கடலையை, தேதி போன பிஸ்கட்டை, காறல் எண்ணெயை, 'வீணாக்க மனசு வரலை' என்று வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறோம். வாட்ச்மேனிடம் நீட்டுகிறோம். கோயில் வாசலில் வைத்துவிட்டு வருகிறோம். அவர்கள் வீட்டிலும் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது, அதற்கும் கல்லீரல் ஒன்றுதான். தெரு மாட்டுக்கு வைத்தால் பாலில் திரும்பி வரும். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் அது குப்பை. அப்படியே வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதால் பாக்கெட்டைக் கிழித்து, சாம்பலோ மண்ணோ கலந்து போடுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடு ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். பூச்சிமருந்து, ஆசிட் மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்க்காதீர்கள். அடியில் வேறு யாரோ கவிழ்த்தது காத்திருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் 108-க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800-116-117 என்ற இலவச எண் இரவு பகலாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் திரும்பி வரும் வழியில் இன்னொரு முறை பொசுக்கும், நுரையீரலுக்குள்ளும் இறங்கும். கிளம்பும்போது பாட்டிலையோ அட்டையையோ, அது காலியாகவே இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். எது, எவ்வளவு, எப்போது என்பதுதான் அங்கே டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி.